காட்டுக்குத் திரும்பும் வழி: ஜொகூரிலிருந்து ஒரு பார்வை

1999ஆம் ஆண்டில் ஜொகூர், பாசிர் கூடாங் கரையோரம் மீனவர் ஒருவரின் கேலோங்கில் ஓர் இளம் கடற்பசு மாட்டிக்கொண்டது. கேலோங் என்பது கடலுக்குள் கம்புகள் நட்டுக் கட்டும் மீன்பிடி மேடை. அவர் அதைக் கொல்லவில்லை, விற்கவும் இல்லை. பார்த்துக்கொண்டார். ஆள் அரவம் கேட்டால் விலகிப் போகாமல் அருகே வரும் அளவுக்கு அது பழகிவிட்டது. அதன் சாதுவான குணத்தைப் பார்த்து ‘சீ தெனாங்’ என்று பெயரும் வைத்தார்கள். செய்தித்தாள்களில் படம் வந்தது, மக்கள் பார்க்க வந்தார்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைத் தனியார் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் கடலில் விடப்பட்டது. விட்ட கொஞ்ச நாளிலேயே வலையில் சிக்கிச் செத்துப்போனது.

விட்டவர்கள் மேல் தப்பா, வைத்திருந்தவர் மேல் தப்பா என்று அன்று வாதம் நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடற்பசுவுக்குக் கடல்தான் இடம். ஆனால் மனிதக் குரலுக்குப் பழகி, படகைக் கண்டு ஒதுங்கத் தெரியாத குட்டியை, வலைகள் நிறைந்த அதே நீரிணையில் விடுவது அதைக் காப்பாற்றும் வேலையாகுமா? பிடிபட்டதற்கும் விடப்பட்டதற்கும் இடையே செய்ய வேண்டியவை என்னென்ன, எங்கே விட வேண்டும், விட்டபின் யார் பார்ப்பது என்ற கேள்விகளை அந்த வாதத்தில் அதிகம் பேர் எழுப்பவில்லை. மீட்கப்பட்ட காட்டுயிர்களை இயற்கை வாழ்விடத்துக்குத் திருப்பி அனுப்பும் முயற்சிகளின் வரலாறு முழுக்க இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இதே உயிரினத்துக்குப் பாக் நீரிணையில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே ஆவுளியா என்பார்கள். வலையில் ஆவுளியா சிக்கினால் கரைக்குக் கொண்டுவராமல், அந்த இடத்திலேயே வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகவும் அறிவித்தது. அங்கே மறுவாழ்வு மையம் கிடையாது, பராமரிப்பாளர் கிடையாது, பயிற்சி கிடையாது. சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. மனிதர் கையில் கழியும் ஒவ்வொரு நாளும் விலங்கு திரும்பிப் போகும் வாய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, அப்படித் தின்றதை ஈடுகட்டுவதற்குத்தான் பயிற்சி என்று எடுத்துக்கொண்டால், இந்தத் துறையில் நடப்பவை பெரும்பாலும் விளங்கிவிடும்.

தீபகற்ப மலேசியாவில் காட்டுயிர்களுக்குப் பொறுப்பு பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. 2022இல் செய்த திருத்தம் மிகக் கடுமையான குற்றங்களுக்கான அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரையும் சிறைத்தண்டனையைப் பதினைந்து ஆண்டு வரையும் உயர்த்தியது. தண்டனை கூடினால் பறிமுதல் கூடும். பறிமுதல் கூடினால், பிடித்ததை எங்கே வைப்பது என்ற சிக்கலும் கூடும். போதைப்பொருளைக் கைப்பற்றினால் எரித்துவிடலாம். குட்டிக் குரங்கைக் கைப்பற்றினால் அன்று இரவே அதற்குப் பால் கொடுக்க ஆள் வேண்டும்.

கைப்பற்றப்பட்ட உயிரினங்களை என்ன செய்யலாம் என்பதற்கு இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2019இல் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. அது சொல்லும் வழிகள் மூன்று: காட்டுக்குத் திருப்புதல், ஆயுள் முழுக்கக் காப்பகத்தில் வைத்தல், வலியில்லாமல் உயிரைப் போக்குதல். மூன்றாவதைக் கேட்டாலே நமக்கு மனம் கூசுகிறது. ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, காட்டு மந்தைக்கே நோயைப் பரப்பக்கூடிய விலங்கை இரக்கத்தால் காட்டில் விடுவது, அங்கே ஏற்கெனவே வாழ்பவற்றுக்குச் செய்யும் கேடு. தனி ஒரு விலங்கின் நலமும் ஓர் இனத்தின் நலமும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. இந்த முரணை மறைத்துவிட்டு எழுதப்படும் மீட்புக் கதைகள்தான் அதிகம்.

மீட்கப்படுபவற்றில் பெரும்பகுதிக்குப் பயிற்சியே தேவைப்படுவதில்லை. தாமான் வீட்டுச் சாக்கடையில் பிடிபடும் மலைப்பாம்பு, கோழிக்கூட்டில் அகப்படும் உடும்பு, அடுக்களைக்குள் புகுந்த குரங்கு எல்லாம் இந்த வகை. பொதுத் தற்காப்புப் படையினர் வந்து சாக்குப்பையில் பிடித்துப் போவதை ஜொகூர் பாருவில் பார்க்காதவர் குறைவு. இவை காட்டை மறக்கவில்லை. நாம் செய்யும் பிழை தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு தொலைவில் விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. பாம்புகளைப் பற்றிய ஆய்வுகள் இதற்கு மாறாகச் சொல்கின்றன. பழகிய எல்லையைத் தாண்டி விடப்பட்டவை பதுங்குமிடம் தெரியாமல் அலைந்து, அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றைவிட அதிகமாகச் சாகின்றன. அருகிலிருக்கும் புதர்க்காட்டில் விட்டால் மக்கள் பயப்படுகிறார்கள் என்பது உண்மைதான். அந்தப் பயத்துக்கான செலவைப் பாம்பு கொடுக்கிறது.

மறுவாழ்வு என்ற சொல்லுக்கு முழுப் பொருளும் கிடைப்பது குட்டியில் பிடிபட்ட பாலூட்டிகளிடம். அதிலும் கிப்பன் குரங்கைப் போல் இந்த வேலையின் கடினத்தைக் காட்டும் விலங்கு வேறில்லை. மலாயில் உங்கா என்பார்கள். தீபகற்பத்துக் காடுகளில் விடியற்காலையில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவும் ஓசை இதனுடையது. கள்ளச் சந்தைக்குக் குட்டி வேண்டுமென்றால் தாயைச் சுட வேண்டும், ஏனென்றால் குட்டி தாயின் வயிற்றை விட்டு இறங்குவதில்லை. உயரத்திலிருந்து தாயோடு சேர்ந்து விழும் குட்டிகளில் எல்லாம் பிழைப்பதில்லை. பிழைத்தது அரைக்கால் சட்டையும் சட்டையும் போட்டு யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் ரொட்டியும் பாலும் தின்று வளர்கிறது. சமூக ஊடகத்தில் ‘அழகு’ என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். ஐந்தாறு வயதில் பருவம் வந்ததும் கடிக்கத் தொடங்கும். அப்போது கோரைப்பல்லை அறுப்பார்கள், அல்லது சிறு கூண்டில் பூட்டுவார்கள், அல்லது அதிகாரிகளைக் கூப்பிட்டு ஒப்படைப்பார்கள்.

அந்த நிலையில் வரும் விலங்கைத் திருப்புவது எப்படி? பகாங் மாநிலத்து ரவூப் பக்கம் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. பெர்ஹிலித்தானில் வனக்காவலராகப் பணியாற்றிய மரியானி ராம்லி தொடங்கிய கிப்பன் மறுவாழ்வுத் திட்டம் அது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் 1992 முதலே இதுபோன்ற திட்டம் உண்டு. அணுகுமுறையில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை வரிசை ஒன்றுதான். முதலில் தனிமைப்படுத்தல். மனிதரிடமிருந்து கிப்பனுக்குத் தொற்றக்கூடியவை பல: காசநோய், கல்லீரல் அழற்சி, நம் உதட்டில் வரும் அக்கி. இரத்தம், சளி, மலம் எல்லாம் சோதித்துத் தெளிவான பிறகே மற்றவற்றின் அருகே விடலாம். அடுத்து உணவு. சோறும் ரொட்டியும் தின்று எலும்பு வளைந்தவற்றுக்குப் பழம், தளிர், பூச்சி என்று மாற்றிப் பழக்க வேண்டும். தட்டில் வைத்துக் கொடுத்தால் தரைக்கு இறங்கக் கற்றுக்கொள்ளும், எனவே கூண்டின் உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். தரைக்கு இறங்கும் கிப்பன் நாயிடமும் மனிதனிடமும் அகப்படும்.

அதற்குப் பிறகு வருவது மனிதனால் சொல்லித்தர முடியாத பாடம். கிப்பன் தனியாக வாழாது, இணையோடுதான் வாழும். ஆனால் மனிதரோடு வளர்ந்தது தன்னைக் கிப்பன் என்றே உணராமல் இருக்கலாம். பராமரிப்பவரையே இணையாக நினைத்து, எதிரில் விட்ட சக கிப்பனைப் பார்த்து மூலையில் ஒண்டிக்கொள்ளும். எந்த இரண்டை அடுத்தடுத்த கூண்டில் வைப்பது, எப்போது நடுத்தடுப்பை எடுப்பது என்பதெல்லாம் ஜாதகம் பார்ப்பதைவிட நுட்பமான வேலை. சேர்ந்து கூவத் தொடங்கினால் நம்பிக்கை பிறக்கும். அந்தக் கூவல்தான் ‘இது எங்கள் இடம்’ என்று பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லும் பட்டா. கூவத் தெரியாத இணையைக் காட்டில் விட்டால் எல்லைச் சண்டையில் அடிபட்டுச் சாகும்.

இதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆகும். பராமரிப்பவர்கள் முகமூடி போட்டுக்கொள்வார்கள், விலங்கின் எதிரில் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்கள், கொஞ்ச மாட்டார்கள். காப்பகத்துக்குப் போய்க் குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படிப் படம் எடுக்க விடும் இடம் எதுவாக இருந்தாலும் அது மறுவாழ்வு மையம் அல்ல.

முன்னோடி என்ற பெயர் போர்னியோவுக்குத்தான். சரவாக்கில் பார்பரா ஹாரிசன், அனாதை ஓராங் ஊத்தான் குட்டிகளை வீட்டில் வளர்த்துக் காட்டுக்குப் பழக்கும் முயற்சியை 1950களின் பிற்பகுதியில் தொடங்கினார். 1964இல் சபாவில் செப்பிலோக் மையம் வந்தது. 4,294 ஹெக்டர் வனக்காப்பகத்தின் ஓரத்தில் அது இருக்கிறது. மரமேடையில் வாழைப்பழமும் பாலும் வைத்து, சலிப்பூட்டும் ஒரே மாதிரி உணவைக் கொடுத்து, தானாகக் காட்டில் தேடித் தின்னத் தூண்டுவது அங்கே கையாளும் உத்தி. எத்தனையோ குட்டிகள் அதனால் பிழைத்தன. குறைகளும் அங்கேதான் முதலில் வெளிப்பட்டன. மேடைக்கு வரும் விலங்கைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், அவர்களோடு சளியும் காய்ச்சலும் வந்தன. உணவு வைக்கும் வரை விலங்கு முழுக்க விலகிப் போகவும் இல்லை. காட்டு ஓராங் ஊத்தான்கள் வாழும் பகுதியில் மறுவாழ்வு பெற்றவற்றை விடக்கூடாது என்று இந்தோனேசியா 1995இல் ஆணையிட்டதற்கு இந்த அனுபவங்களே காரணம். நோய் பரவும், ஏற்கெனவே நிரம்பிய காட்டில் இடத்துக்குச் சண்டை வரும் என்ற அச்சம் அதில் இருந்தது. காலியான காட்டில்தான் விடலாம் என்றால், அந்தக் காடு ஏன் காலியானது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வேட்டைக்காரர்களால் காலியானது என்றால் அவர்கள் இன்னும் அங்கேதான் இருப்பார்கள்.

கரடியின் கதை கொஞ்சம் ஆறுதலானது. நம் காடுகளில் இருக்கும் சூரியக்கரடி, கரடிகளிலேயே சிறியது. செப்பிலோக்கிலேயே 2008இல் வோங் சியூ தே நிறுவிய சூரியக்கரடிப் பாதுகாப்பு மையம், குட்டிகளைச் சுற்றிலும் வேலியிட்ட காட்டில் விட்டு வளர்க்கிறது. கறையான் புற்றைப் பிளப்பதும், மரப்பொந்தில் கொசுத்தேனீக் கூட்டைக் கிளறுவதும், மரக்கிளையில் கூடுபோல் படுக்கை கட்டுவதும் கரடிக்குப் பெரும்பாலும் உடம்போடு வருபவை. இடமும் காலமும் கொடுத்தால் தானே செய்து பார்த்துத் தேறிவிடும். 2015 முதல் தாபின் வனவிலங்குக் காப்பகத்தில் கழுத்துப்பட்டையோடு விட்டு வருகிறார்கள். ஆனாலும் அங்கே வரும் கரடிகள் எல்லாமே திரும்பிப் போக முடிவதில்லை. நகம் பிடுங்கப்பட்டவையும், பல்லாண்டு கூண்டில் கிடந்து ஒரே இடத்தில் தலையாட்டும் பழக்கம் பிடித்தவையும் அங்கேயே முதுமை அடைகின்றன.

ஜொகூருக்குத் திரும்பினால், இங்கே இந்தக் கேள்வி யானை வடிவத்தில்தான் வந்து நிற்கும். குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், அங்கே வேலை செய்பவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இளம் செம்பனையின் குருத்தை யானை பிடுங்கித் தின்றால் நட்டது போனதுதான். பெல்டா நிலக்குடியேற்றங்கள் காட்டைத் திறந்த காலத்தில் தீபகற்பம் முழுக்க இந்த மோதல் பெருகியது. சுட்டுக் கொல்வதற்கு மாற்றாக 1974இல் யானை பிடித்து இடம் மாற்றும் குழுவை அமைத்தார்கள். 1989இல் பகாங்கின் கோலா கண்டாவில் தேசிய யானைப் பாதுகாப்பு மையம் வந்தது. இந்த அரை நூற்றாண்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட யானைகள் இடம் மாற்றப்பட்டுள்ளன. அளவில் இது ஆசியாவில் குறிப்பிடத்தக்க முயற்சி. ஜொகூருக்கென்று கோத்தா திங்கியில் தனியாக யானைச் சரணாலயமும் இருக்கிறது.

முறை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் கும்கி என்று அழைக்கும் பழக்கிய யானைகளை இங்கும் வைத்திருக்கிறார்கள். மயக்க ஊசி போட்டு, சங்கிலியிட்டு, இரண்டு பழகிய யானைகளுக்கு நடுவே நிறுத்தி லாரியில் ஏற்றுவார்கள். 1990இல் ஜொகூர்க் கரையிலிருந்து மூன்று யானைகள் நீந்தி சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் ஏறிவிட்டன. சிங்கப்பூரில் யானை பிடிக்க யாருக்குத் தெரியும்? மலேசியக் குழுதான் போய்ப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஒன்று உபின் தீவுக்குப் போனது. கடல் நீரிணையையே வாய்க்கால் போல் தாண்டும் விலங்கை, நூறு கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டால் அங்கேயே இருந்துகொள்ளும் என்று நாம் நம்புவது விந்தைதான்.

அந்த நம்பிக்கையை இலங்கையில் சோதித்துப் பார்த்தார்கள். பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பன்னிரண்டு ஆண் யானைகளை இடம் மாற்றிக் கழுத்துப்பட்டை வழியாகப் பின்தொடர்ந்தது. சில நேராகப் பழைய இடத்துக்கே திரும்பின. சில எங்கும் தங்காமல் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்தின் அருகே தங்கின. பூங்காவுக்குள் விடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பூங்காவை விட்டு வெளியேறின, வெளியேறிய இடங்களில் புதிய மோதல்கள் கிளம்பின, யானைச் சாவும் கூடியது. சிக்கலையும் யானையையும் ஒரே லாரியில் ஏற்றிப் போய் வேறிடத்தில் இறக்கியது போல ஆயிற்று. 2023இல் அரிக்கொம்பன் என்ற யானையின் கதையில் இதையே தொலைக்காட்சியில் பார்த்தோம். ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே மாத இறுதியில் அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாற்றில் கொண்டுபோய் விட்டது.

மலேசியாவில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தில் உருவான யானை ஆய்வுக் குழு இன்னொரு கோணத்தைத் திறந்தது. தீபகற்பத்திலும் போர்னியோவிலும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளின் நடமாட்டப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவை அடர்காட்டின் நடுவைவிடக் காட்டின் ஓரங்களையே விரும்பின. நேரத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே கழித்தன. காரணம் எளிது. முதிர்ந்த மழைக்காட்டில் உயரத்தில் இலை இருக்கும், தும்பிக்கைக்கு எட்டும் உயரத்தில் தீனி குறைவு. வெளிச்சம் படும் ஓரங்களில் புல்லும் மூங்கிலும் காட்டு வாழையும் செழிக்கும். ஆக, எண்டாவ் ரொம்பின் காட்டின் ஆழத்தில் இறக்கிவிட்ட யானை மறுபடி தோட்டத்துப் பக்கம் வந்தால் அதைத் திமிர் என்று சொல்ல முடியாது. யானைக்கு வீடு அந்த ஓரம். நாம் வரைபடத்தில் பச்சை அடித்த இடத்தை வீடு என்று சொல்கிறோம். இடம் மாற்றுவதை இனி முதல் மருந்தாக நினைக்கக் கூடாது, கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். மின்வேலி, குருத்துப் பருவத்தில் மட்டும் காவல், யானை நடமாட்டத்தை முன்கூட்டிச் சொல்லும் குறுஞ்செய்தி இவையெல்லாம் செய்தித்தாளில் படம் வராத வேலைகள். அதனால்தான் பணமும் குறைவாக வருகிறது.

தாயை இழந்த யானைக்கன்று வேறு கணக்கு. இலங்கையின் உடவளவை யானை இடைத்தங்கல் நிலையம் 1995 முதல் செய்வதைப் பார்த்து நாமும் கற்கலாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள், அதோடு மனிதத் தொடர்பு முடிந்தது. பார்வையாளர்கள் தொலைவிலிருந்துதான் பார்க்கலாம். மற்ற நேரம் முழுக்கக் கன்றுகள் தங்களுக்குள் கூடி மேயும். ஐந்து வயது அளவில் அப்படிப் பழகிய கூட்டத்தையே ஒன்றாகக் காட்டில் விடுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகள் இப்படிப் போயிருக்கின்றன, சில பெண் யானைகள் காட்டிலேயே ஈன்றும் இருக்கின்றன. அதே நாட்டில் 1975இல் தொடங்கிய பின்னவலையில் யானைகள் பாகன்களோடும் பயணிகளோடும் வளர்ந்து அங்கேயே இருந்துவிட்டன. யானை ஒன்றுதான், நாடும் ஒன்றுதான். தொட்டதும் தொடாததும்தான் வித்தியாசம்.

புலிக்கு வந்தால் பேச்சு சுருங்கிவிடுகிறது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் நூற்றைம்பதுக்கும் குறைவு என்றது. ஒன்றுகூட வீணாகக்கூடாத நிலைமை. ஆனாலும் ஊருக்குள் வந்தோ கண்ணியில் சிக்கியோ பிடிபடும் புலியைத் திருப்பி விடுவது இங்கே அரிது. பேராக்கின் சுங்கையில் இருக்கும் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் போன்ற இடங்களில்தான் அது தங்க நேர்கிறது. கம்பிக் கண்ணி அறுத்த பாதம் பெரும்பாலும் தேறுவதில்லை. மூன்று காலில் கடம்பை மானைத் துரத்த முடியாத புலி அடுத்து மாட்டையோ மனிதனையோதான் தேடும். 2019இல் திரெங்கானுவின் டுங்குனில் ஊருக்குள் நடமாடிப் பிடிபட்ட ‘அவாங் பெசுல்’ என்ற புலியின் சாவுக்கு நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் நோய் காரணம். அப்படிப்பட்ட ஒன்றைச் சோதிக்காமல் காட்டுக்குள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. இந்தியாவில் கான்ஹாவில் குட்டியிலேயே தாயை இழந்த இரண்டு பெண் புலிகளைப் பெரிய அடைப்புக்குள் உயிருள்ள இரையைக் கொல்லப் பழக்கி, 2011இல் பன்னாவில் விட்டார்கள். அவை அங்கே குட்டி போட்டன. அதைப் பார்த்து ஆனைமலைக் காப்பகத்தில், 2021இல் வால்பாறை அருகே மெலிந்து கிடந்த ஆண் குட்டியை மீட்டு, மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடி அடைப்பில் வேட்டை பழக்கினார்கள். விடலாமா வேண்டாமா என்ற முடிவோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. புலி இரையைக் கொல்லக் கற்பது பாதிதான். மனிதனைக் கண்டு விலக வேண்டும், அதைக் கற்றதா என்பதற்குத் தேர்வு வைக்க வழியில்லை. ஜொகூரில் இன்னொரு தடை உண்டு. 2021 கடைசியில் தீபகற்பத்துக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளை அள்ளிக்கொண்டு போனது. கடம்பை மான் ஏற்கெனவே அரிதாகிவிட்டது. இரையில்லாத காட்டில் நன்கு தேறிய புலியும் பட்டினிதான்.

காண்டாமிருகத்தின் கதி ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும். எண்டாவ் ரொம்பின் ஒருகாலத்தில் சுமத்ரா காண்டாமிருகத்தின் காடு. 1984இல் தொடங்கிய திட்டம், தனித்தனியாகச் சிதறிக் கிடந்தவற்றைப் பிடித்துக் காப்பகத்தில் பெருக்கி, பிறகு காட்டுக்குத் திருப்பலாம் என்று நம்பியது. சிலாங்கூரின் சுங்கை டூசுனில் வைத்திருந்தவை 2003இல் நோய் தாக்கிச் சில வாரங்களுக்குள் எல்லாமே இறந்தன. நாட்டின் கடைசி காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் செத்தது. திருப்பி அனுப்பத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே அனுப்ப ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பயிற்சி என்ற சொல்லுக்குள் நாம் எப்போதும் விலங்கை மட்டும் பார்க்கிறோம். ஜொகூரைப் பொறுத்தவரை பற்றாக்குறை விடும் இடத்தில்தான். 1993இல் அரசிதழில் வந்த எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர்ப் பகுதி ஏறக்குறைய 48,900 ஹெக்டர். அதைத் தாண்டினால் பந்தி காடு, லாபிஸ், மெர்சிங் வனக்காப்பகங்கள். அவற்றுக்கு நடுவே கோத்தா திங்கி மெர்சிங் சாலை, குளுவாங் மெர்சிங் சாலை, செனாய் டெசாரு நெடுஞ்சாலை, இருபுறமும் செம்பனை. தீபகற்பத்தின் காடுகளைத் தொடுத்து வைக்கும் மையக் காட்டு முதுகெலும்புத் திட்டம் தாள் அளவில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறது. தாபிர் லாரியில் அடிபடுவதும் யானை காரோடு மோதுவதும் இந்தச் சாலைகளில்தான். மறுவாழ்வு மையத்தில் மூன்று ஆண்டு செலவழித்துத் தேற்றிய விலங்கை இரவு இரண்டு மணிக்கு ஒரு லாரி முடித்துவிடும். கண்ணிகளும் அப்படித்தான். அவற்றை அகற்றிக் கள்ளவேட்டைக்காரர்களைப் பிடிக்க 2019 செப்டம்பரில் தொடங்கிய கூட்டு நடவடிக்கை காவல்துறையினரையும் காட்டுக்குள் அனுப்பியது. அது மறுவாழ்வுத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. என் கணக்கில் அதுதான் முதல் மறுவாழ்வுப் பணி.

இதே ஜொகூரிலிருந்து, யாரும் கேட்காமலேயே நடந்த திரும்பலும் உண்டு. சிங்கப்பூரில் மறைந்துபோன நீர்நாய்கள் 1990களின் பிற்பகுதியில் மீண்டும் தென்பட்டன. இருவாய்ச்சிகளும் அதே பத்தாண்டில் உபின் தீவில் வந்து சேர்ந்தன. இரண்டும் நீரிணைக்கு அப்பாலிருந்து, ஜொகூரிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. யாரும் பிடிக்கவில்லை, யாரும் பழக்கவில்லை. ஆற்று நீர் சுத்தமானது, மீன் வந்தது, நீர்நாய் பின்னாலேயே வந்தது. இருவாய்ச்சிக்கு மட்டும் பொந்துள்ள பெரிய மரம் போதவில்லை என்று செயற்கைக் கூடுகள் வைத்தார்கள்.

கடைசியாக, வெற்றியை எப்படி அளப்பது என்ற கேள்வி. இத்தனை விலங்குகளை விட்டோம் என்ற எண்ணிக்கைதான் பொதுவாக அறிக்கையில் வருகிறது. கூண்டுக் கதவு திறக்கும் படத்தில் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை குட்டி போட்டன என்பது அதே அறிக்கையில் வருவது குறைவு. யானைக்குக் கழுத்துப்பட்டை போடலாம். கிளைக்குக் கிளை தாவும் கிப்பனுக்குப் போட முடியாது, அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே காட்டில் நடந்தாக வேண்டும், மாதக்கணக்கில். அதற்கு முனைவர் பட்டம் வேண்டியதில்லை. எண்டாவ் ரொம்பின் வாசலில் கம்போங் பேத்தாவில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினர் காட்டுத் தடம் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் சிலர் பூங்காவில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். விலங்கை விட்டபின் கண்காணிக்கும் வேலைக்கு மாதச் சம்பளத்தோடு அவர்களை வைத்தால், இப்போது வெற்றிடமாக இருக்கும் அந்தப் பத்தியில் எழுத ஏதாவது கிடைக்கும். அதற்கான செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும், ஏனென்றால் விட்டு முடிந்தபின் அதற்குப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை.